சுபரேகாவுக்கு எடுத்துக்கொடுத்தவள்

தம்பி, அந்த கேட்டை முழுசா சாத்தாத. ஒரு கை அகலம் திறந்திருக்கட்டும். உள்ள ஓடிட மாட்டேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எங்க ஓடறது? உள்ளேயிருந்து சத்தம் வந்தா என் காதுல விழணும், அவ்வளவுதான்.

நீ நல்ல மனுஷன்ப்பா. வந்து நின்னதும் பேரைக் கேட்டே. தெய்வானைன்னு சொன்னேன். உடனே ஓடிப்போய் நாற்காலி கொண்டாந்து வேப்பமர நிழல்ல போட்டே. மோர் குடுத்தே. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டே. சினிமா கேட்டுல நாப்பது வருஷமா நுழைஞ்சவ நான். ஒரு வாட்ச்மேன் என்னை மாத்திரை போட்டியான்னு கேட்டதில்ல. எல்லாம் செய்யறே, உள்ள மட்டும் விட மாட்டேங்கறே. அது என்னப்பா மனசு?

மணி என்ன? மூணா? நாலரைக்கு ஷாட்டு. சாயங்கால வெயில் இந்த வீட்டு ஹால் ஜன்னல் வழியா சாஞ்சு விழணுமாம், அந்த நேரத்துல எடுக்கணுமாம். முந்தாநாள் டைரக்டர் எடுத்தான், ஆகல. நேத்து எடுத்தான், ஆகல. ரெண்டு நாள்ல பதினேழு தடவை! இன்னிக்கும் ஆகலன்னா பெங்களூர்லேர்ந்து வேற ஒருத்தியை ஏரோப்ளேன்ல கூட்டிட்டு வரப்போறானாம். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? உள்ள மேக்கப் போடறான் பாரு கன்னியப்பன், அவன் சொன்னான். அழுதுட்டே சொன்னான். "தெய்வாக்கா, அமுதாம்மா முதல் வரி சொல்றாங்க, அப்புறம் அப்படியே நின்னுடறாங்கக்கா, சொவத்தைப் பாத்துட்டு"ன்னான்.

அமுதான்னா தெரியலியா? சுபரேகா. உலகத்துக்கு சுபரேகா. எனக்கு அமுதா. பரமக்குடி அமிர்தவல்லி. அஞ்சு பாஷையில நூத்தி அறுபது படம். தமிழ்ல கம்மி, தெலுங்குல ஜாஸ்தி, மலையாளத்துல கொஞ்சம், கன்னடத்துல கொஞ்சம். இந்தியில ரெண்டு. ஆமா, அவதான். உங்க வீட்டுலயும் பாத்திருப்பாங்க.

அவ எந்தச் சொவத்தைப் பாக்கறான்னு எனக்குத் தெரியும் தம்பி. இடது பக்கத்துச் சொவரு. நான் நிக்கற இடம் அது.

நான் யாருன்னா... எப்படிச் சொல்றது. நான் எடுத்துக்குடுக்கிறவ. அப்பல்லாம் ஷூட்டிங்ல பேசறது எதுவும் படத்துல வராது. எல்லாம் அப்புறமா ரூமுக்குள்ள உக்காந்து வேற ஆளு பேசி ஒட்டறதுதான். அதனால பாஷை தெரியாத நடிகைக்குப் பக்கத்துலயே ஒரு ஆளு நின்னு வசனத்தைச் சத்தமாச் சொல்லலாம். லைட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிப்பேன். நான் பாதி வரி முன்னால போவேன், அவ பின்னாலயே வருவா. "அண்ணய்யா"ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ வாயில "அண்ணய்யா" வந்துடும். கேமரா பாக்கறவனுக்கு அவளே பேசற மாதிரி இருக்கும்.

இந்தத் தெலுங்குப் படம் அப்படி இல்ல. இப்ப புதுசா வந்திருக்கிற பையனுங்க, அங்கேயே பேசணும், அங்கேயே பதியணும்ங்கறாங்க. குண்டூசி விழுந்தாலும் பதிவாகுதாம். அதோ பாரு, மரத்தடியில ஒருத்தன் டப்பாவைத் தட்டிக்கிட்டு நிக்கறான். காக்கா விரட்டறதுக்கு சம்பளம் அவனுக்கு. காக்காவுக்கே அந்தக் கெதின்னா, எனக்கு?

ஆனா நான் சத்தமே போட மாட்டேன் தம்பி. இங்க கேளு. என்கிட்ட வழி இருக்கு. என்னை அந்த ஹால் ஜன்னல் ஓரமா, அவ கண்ணுக்குப் படற இடத்துல நிக்க வெச்சாப் போதும். வாயை மட்டும் அசைப்பேன். மூச்சுகூட வெளிய வராது. முப்பத்திரெண்டு வருஷம் என் வாயைப் பாத்தவ அவ. என் உதடு அசைஞ்சா அவளுக்கு வசனம் வந்துடும். வசனம் முழுசும் எனக்கு மனப்பாடம். கன்னியப்பன் போன்ல பதிஞ்சு அனுப்பினான். தாம்பரத்துலேர்ந்து படப்பை வர்ற பஸ்ல மூணு தடவை காதுல வெச்சுக் கேட்டேன். போதும் எனக்கு. மூணு தடவையே ஜாஸ்தி.

படிச்சுப் பாத்திருக்கலாமேங்கறியா? அந்தக் கூத்தைக் கேளு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பாஷையிலயும் தெரியாது. தமிழ்ல என் பேரு எழுதுவேன், அதோட சரி. உதவி டைரக்டர் வந்து ஒரு தடவை வாசிப்பான், நான் கண்ணை மூடிக் கேட்டுப்பேன், பேப்பரைக் கையில வாங்கிப்பேன். வாங்கலன்னா மரியாதை இருக்காதுல்ல? ஒரு தடவை மைசூர்ல பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்க வசனத்தை எடுத்துக்குடுத்திருக்கேன். அமுதா ஒருத்திதான் பாத்தா. ஷாட்டு முடிஞ்சதும் கிட்ட வந்து, "அக்கா, அடுத்த தடவை பேப்பரை நேராப் பிடிச்சுக்கோ, இல்லன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்"ன்னா. வேற யாருகிட்டயும் சொல்லல. அப்படிப்பட்ட பொண்ணு.

பாஷை எங்க கத்துக்கிட்டேன்னா, குழாயடியில. கோடம்பாக்கத்துல ஒரே காம்பவுண்டு, பதினாலு வீடு, ஒரு குழாய். நெல்லூர்க்காரி, பாலக்காட்டுக்காரி, மாண்டியாக்காரி எல்லாம் ஒரே வரிசை. முதல்ல கத்துக்கிட்டது திட்டு. அப்புறம் சமாதானம். ரெண்டும் தெரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால வந்துடும்.

அப்ப நான் தலை அலங்காரம் பண்ற வேலைதான் பாத்தேன். அமுதா தெலுங்குல முதல் படம் பண்ண வந்தா. இருபத்திரெண்டு வயசு இருக்கும். கூட ஆளு கிடையாது. அம்மா செத்துட்டா, அப்பன் வர மாட்டேன்னுட்டான். வசனம் வாயில நுழையல. டைரக்டர் கத்தினான், "நம்பர் சொல்லும்மா, போதும்"னான். அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒண்ணு ரெண்டு மூணுன்னு உதட்டை அசைச்சா அப்புறம் ஒட்டிக்கலாம்னு. புருஷன் பொணத்து மேல விழுந்து அழற சீன் தம்பி. இவ "நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு"ன்னு அழறா. செட்டுல எல்லாரும் சிரிச்சானுங்க. பொணமா படுத்திருந்தவனே வயிறு குலுங்கச் சிரிச்சான்.

எனக்குத் தாங்கல. சீப்பைக் கீழ போட்டேன். லைட்டுக்குப் பின்னால போய் நின்னு, "அழாத, என்னைப் பாரு, நான் சொல்றதை மட்டும் சொல்லு"ன்னேன். சொன்னா. ஒரே டேக்கு. "ஏவண்டி, நன்னு வதிலேசி வெள்ளிப்போயாரா"ன்னு அவ கேட்டப்ப, என்னங்க, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களான்னு அர்த்தம், லைட்பாய் எல்லாம் கண்ணைத் துடைச்சான். அன்னிலேர்ந்து நான் சீப்பைத் தொடல.

அவ நடிப்பைப் பத்திப் பத்திரிகையில என்ன எழுதினாங்கன்னு தெரியுமா? "சுபரேகா பேசறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்துவார், அந்த நிறுத்தத்துல ஆயிரம் அர்த்தம்"னு. கன்னியப்பன்தான் வாசிச்சுக் காட்டினான். எதிர்ல நடிக்கிறவங்களைப் பாக்காம கொஞ்சம் தள்ளிப் பாப்பாளாம், அது பெரிய மேதைங்க பாக்கற பார்வையாம். நானும் அவளும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்த ஒரு நொடி, நான் சொல்றதுக்காக அவ காத்திருக்கிற நொடி. தள்ளிப் பாக்கறது என்னை. தெலுங்குல ஒருத்தி குரல், மலையாளத்துல ஒருத்தி குரல், கன்னடத்துல ஒருத்தி குரல். வார்த்தை என்னுது. மூஞ்சி இவளுது. ஒரு பொம்பளை வாயைத் திறக்கறதுக்கு அத்தனை பொம்பளை.

மணி என்னப்பா? மூணரையா? ஐயோ.

தம்பி, காலைத் தொட்டுக் கும்பிடவா? வேண்டாமா? வயசுல பெரியவ, பாவம் வரும்னு பாக்கறியா? வந்தா வரட்டும், எனக்கு வரட்டும். ஒரு தடவை உள்ள விடு. அவளுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாதுப்பா. ஒரு வார்த்தை! மூணு நிமிஷம் நிறுத்தாமப் பேசணும். நடுவுல வெட்டு கிடையாது, ஒரே ஷாட்டு. எப்படிப் பேசுவா? என்னால யோசிச்சுக்கூடப் பாக்க முடியல.

ஏன் கத்துக்கலன்னு கேக்கறே. எல்லாரும் அதான் கேக்கறாங்க. நான் எதுக்கு இருக்கேன்? நடுவுல ஒரு தடவை ஆசைப்பட்டா. சேஷய்யான்னு ஒரு ரிடையர்டு வாத்தியாரை ஏற்பாடு பண்ணினா. வெள்ளை வேட்டி, கையில சிலேட்டு, காலையில ஆறு மணிக்கு வந்து நிப்பாரு. ராத்திரி ஷூட்டிங் முடிச்சு வந்து படுத்த பொண்ணு, எழுந்து உக்காந்து அ, ஆ எழுதிக்கிட்டிருக்கா! கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. எனக்கு மனசு கேக்குமா? நான்தான் ஒரு நாள் வாத்தியார்கிட்ட, இன்னிக்கு வாஹினில இருக்காங்க, அங்க போங்கன்னு அனுப்பினேன். மறுநாள் வேற ஸ்டுடியோ. நாலு நாள் வெயில்ல அலைஞ்சாரு மனுஷன். அஞ்சாம் நாள் வரல. அமுதா கேட்டா, "வாத்தியார் ஏன்க்கா வரல?" "உனக்குப் பாஷை வராதுன்னு சொல்லிட்டாரும்மா"ன்னேன். எழுதின சிலேட்டைத் துடைச்சு வெச்சா. அப்புறம், "அப்படியா சொன்னாரு?"ன்னா. அதோட விட்டா. பாரு, நிம்மதியாத் தூங்கினா.

அவ நல்லதுக்குத்தானே தம்பி? நீ என்ன தரையைப் பாக்கறே?

சரி, எப்படிப் பிரிஞ்சோம்னு சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஹைதராபாத்துல பாராட்டு விழா. தெலுங்குல முப்பது வருஷத்துக்கு மேல நடிச்சதுக்குப் பொன்னாடை, கேடயம் எல்லாம். பெரிய ஹாலு. அந்த விழாக்காரனுங்க பண்ணின தப்பு இது, நல்லாக் கேட்டுக்கோ. என்னைக் கொண்டுபோய்ப் பதினோராவது வரிசையில உக்கார வெச்சுட்டானுங்க. நான் மேடை ஓரத்துல, இடது பக்கம் ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்னேன். "மீரு எவரண்டி?"ன்னான் ஒருத்தன். நீங்க யாருன்னு கேக்கறான்! என்னை!

விழா நடத்தின சங்கத்தோட தலைவர் வயசான மனுஷன், பொன்னாடை போத்திட்டு மைக்கைக் கையில குடுத்து, ரெண்டு வார்த்தை பேசும்மான்னுட்டாரு. அமுதா இடது பக்கம் திரும்பிப் பாத்தா. அங்க பூந்தொட்டிதான் இருந்துச்சு. ஹால்ல எல்லாரும் உருகிப் போய்ட்டாங்க, ஆஹா, அந்த நிறுத்தம்னு. ஒரு நொடி போச்சு. பத்து நொடி போச்சு. பாவம், அவளுக்கு முதல் முதல்ல மனசுல விழுந்த தெலுங்கு அது ஒண்ணுதானே. தலைவரைப் பாத்து, மைக்குல, "ஏவண்டி, நன்னு வதிலேசி வெள்ளிப்போயாரா"ன்னா.

சிரிக்காத. நீயும் சிரிக்காத.

ஹாலே சிரிச்சுது. தலைவர் சம்சாரம் முதல் வரிசையில உக்காந்திருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க. நான் விட்டுருவேனா? எழுந்து நாற்காலி மேல ஏறி நின்னேன். "அந்தரிக்கீ நமஸ்காரம்! சொல்லும்மா, அந்தரிக்கீ நமஸ்காரம்!"னு, எல்லாருக்கும் வணக்கம்னு அர்த்தம், என் தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. அப்புறம் அவளைப் பாத்தாங்க. அப்புறம் இன்னும் ஜாஸ்தியாச் சிரிச்சாங்க. என்ன ஜனமோ. அவளுக்கு அவமானம் வரக் கூடாதுன்னு ஒருத்தி நாற்காலி மேல ஏறி நிக்கறா, அதைப் பாத்து சிரிக்குதுங்க.

அன்னிக்கு ராத்திரியே ஏரோப்ளேன்ல திரும்பிட்டோம். மறுநாள் காபி குடுக்கறேன், "தெய்வாக்கா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்"ங்கறா. "செட்டுக்கா?"ன்னேன். "வீட்டுக்கும்"னா. "நான் என்னடி தப்பு பண்ணினேன்?" "தப்பெல்லாம் இல்லக்கா. எனக்கு இப்ப அம்பத்தி நாலு வயசு." இதுதான் சொன்னா. இதுக்கு என்ன அர்த்தம்? வயசு எல்லாருக்கும்தான் ஆகுது. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்குப் பிடிபடல.

மாசா மாசம் வீட்டு வாடகை அவதான் கட்டறா, மருந்துக் கடையிலயும் சொல்லி வெச்சிருக்கா, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. ஒரு நாள் மனசு தாங்காம வாசல்ல போய் நின்னேன். உள்ள சமையக்கட்டுல பேச்சுச் சத்தம், வார்த்தை பிடிபடல. ராஜமுந்திரியிலேர்ந்து பாப்பாயம்மான்னு தமிழே தெரியாத ஒரு கிழவியை வேலைக்கு வெச்சிருக்கா. அவளோட உக்காந்து கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டுக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேச்சாம். கன்னியப்பனும் சொன்னான். நூத்தி அறுபது படம் நடிச்சவ, போயும் போயும் சமையக்காரியோட என்ன பேச்சு? ஆளில்லாமப் போனதால புத்தி பேதலிச்சுடுச்சு. வேற என்ன?

தம்பி, ரொம்ப நேரமாப் பாக்கறேன், அந்தச் சட்டைப் பையிலேர்ந்து ஒரு பேப்பரை எடுத்து எடுத்துப் பாக்கறே, என்னைப் பாக்கறே. என்னது அது? என்னைப் பத்தியா? குடு. அட, குடுத்து எனக்கென்ன பிரயோஜனம், நீயே வாசி.

ம். வாசி. மெதுவா.

"தெய்வானைன்னு ஒரு அம்மா வருவாங்க. உள்ள விட வேண்டாம். நிழல்ல நாற்காலி போடவும். மோர் குடுக்கவும். சாப்பிட்டாங்களா, பிரஷர் மாத்திரை போட்டாங்களான்னு கேக்கவும். திட்ட வேண்டாம்."

யாரு எழுதினது? அமுதா கையெழுத்தா?

அப்ப நாற்காலி நீ போடல.

அப்படி ஒண்ணும் கெட்டுப்போகல தம்பி, நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடறே? நல்லாப் பாரு. வருவாங்கன்னு எழுதியிருக்கா. நான் வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மாத்திரை நேரம் ஞாபகம் வெச்சிருக்கா. வேண்டாம்னு நெனைக்கிறவ இதெல்லாம் எழுதுவாளா? அந்த "விட வேண்டாம்"ங்கறதை டைரக்டர் சொல்லி எழுதியிருப்பா. இல்ல, அந்தப் பாப்பாயம்மா பண்ணின வேலை. நீ என்னை விட்டுட்டு, தெரியாம விட்டுட்டேன்னு சொல்லு. நான் வாயை மட்டும்தான் அசைப்பேன். சத்தியமா, வாயை மட்டும்...

என்ன? பெல்லா? ஷாட்டு ஆரம்பமா?

சரி. சரி. பேசல. மூச்சு விடல.

*

முடிஞ்சுதா? இப்ப பேசலாமா? கை தட்டறாங்களே உள்ள, பேசலாம்தானே?

கேட்டியா தம்பி? நீயும் கேட்டேல்ல? நீ திருத்தணி பக்கம்தானே, உனக்குத் தெலுங்கு புரியும்ல?

நான் வாயைத் திறந்தேனா? இல்லல்ல? இந்தா பாரு, சேலைத் தலைப்பைக் கடிச்சுக் கடிச்சு எப்படி ஈரமாக் கெடக்கு. முதல் வரி வந்துச்சு. ஜன்னல் வழியா அவ குரல். நானே பயந்துட்டேன். தெலுங்குல அவ சொந்தக் குரலை, அந்த மேடையில கேட்ட ஒரு வரியைத் தவிர, நான் கேட்டதே இல்ல தம்பி. முப்பத்திரெண்டு வருஷத்துல கேட்டதில்ல. என் குரல் மேல வந்து மூடிடும்ல. கரகரன்னு, கொஞ்சம் கட்டையா, இப்படியா இருக்கும்?

கதை என்னன்னா, அந்த வீட்டுல முப்பது வருஷம் சமையல் செஞ்ச பொம்பளை. எசமான் செத்துப் போய்ட்டாரு. பிள்ளைங்க நிக்கறாங்க. இவ போறேன்னு சொல்ற இடம். "பெரிய ஐயா போனப்புறம் இந்த அடுப்புல எனக்கு வேலை இல்ல"ன்னா. அப்புறம் நிறுத்தினா. அதே நிறுத்தம். எனக்குத் தெரியும், இடது பக்கம் திரும்பியிருப்பா. அடுத்த வரி என் நாக்கு நுனியில வந்து நிக்குது. என் கழுத்து நரம்பு எப்படிப் புடைச்சுதுன்னு நீ பாத்தே. நீ வேண்டாம்னு கையை நீட்டினே, நான் கும்பிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினேன். ஆறு வரைக்கும் எண்ணினேன் தம்பி. ஆறு நொடி. ஒரு காக்காகூடக் கத்தல.

ஏழாவதுல அவளே பேசிட்டா.

பேசினா பாரு, நிறுத்தல. மூணு நிமிஷமும். நான் பஸ்ல கேட்ட வசனம் எல்லாம் வரிசையா வந்துச்சு. கடைசியில "நான் போறேன்"னு சொன்னதோட பேப்பர்ல முடிஞ்சுது. எனக்குத் தெரியும், அதோட முடிஞ்சுது. ஆனா இவ முடிக்கல. "ஈ இண்ட்லோ நா கொந்து நேனே வினலேது"ன்னா. கேட்டேல்ல? இந்த வீட்டுல என் குரலை நானே கேட்டதில்லன்னு. அது பேப்பர்ல கெடையாது தம்பி. கன்னியப்பன் அனுப்பினதுல இல்ல. மூணு தடவை கேட்டேன், சத்தியமா இல்ல. எனக்குத் தப்பாது.

அப்ப அதை யாரு சொன்னது அவளுக்கு?

ஆளு வெச்சிருக்கா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேற ஆளு வெச்சுட்டா. அதான் என்னை விட வேண்டாம்னு எழுதினா, நான் மனசு ஒடஞ்சுடுவேன்னு. நேத்து வரைக்கும் ஆளு வரல, அதான் பதினேழு டேக்கு. இன்னிக்கு வந்துட்டா. உள்ள எங்கயோ, இடது பக்கம், நான் நிக்கற இடத்துல நிக்கறா.

ஏன்ப்பா அப்படிப் பாக்கறே என்னை? உள்ள யாரும் இல்லன்னா? டைரக்டரும் கேமராக்காரனும் மட்டும்தான்னா? உனக்குத் தெரியாது. நீ கேட்டுல நிக்கறவன். எடுத்துக்குடுக்காம அவளுக்கு எப்படி வரும்? அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது, நான் சொல்றேன் உனக்கு.

அழல. வெயில்ல கண்ணு கூசுது.

ஒரு உதவி பண்ணு. கடைசி உதவி. நான் உள்ள வரல, இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன், அவ போட்ட நாற்காலி. நீ மட்டும் போய் அந்த ஆளு யாருன்னு பாத்துட்டு வா. சண்டைக்கு இல்லப்பா. தொழில்காரிக்குத் தொழில்காரி கேக்கறேன். குண்டூசி விழுந்தாலும் பதியற எடத்துல, இத்தனை கிட்ட உக்காந்திருக்கிற என் காதுக்கே கேக்காம, எப்படி இவ்வளவு சத்தமில்லாம எடுத்துக்குடுத்தான்னு மட்டும் கேட்டுட்டு வா.